சூழல் அறிக்கையும் நூற்குற்றமும்

தன் வரவு செலவைத் தானே எழுதித் தானே ஒப்பமிட்டு ஊரார்முன் வைப்பவன் ஏட்டில் உள்ளவை பொய்யோ மெய்யோ என்று காண்பதோடு அறிஞர் அமைவதில்லை. எவற்றை எழுதினான், எவற்றை எழுதாது விட்டான், எந்த அளவுகோலால் அளந்தான் என்பனவற்றையும் ஆராய்வர். பெருங் கம்பனிகள் ஆண்டுதோறும் வெளியிடும் சூழல் அறிக்கைகள் இவ்வாராய்ச்சிக்கு உரியன. தாம் நுகர்ந்த மின்சக்தி, வளியில் விடுத்த காபனீரொட்சைட்டு, இனிச் செய்யக் கருதுவது ஆகியவற்றை உலகறிய உரைப்பன அவை.

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து எனப் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்தார். அவற்றுள் குன்றக் கூறல், மயங்க வைத்தல், மற்றொன்று விரித்தல் என்னும் மூன்றும் இவ்வறிக்கைகளை மதிப்பிடுதற்கு ஏற்ற உரைகற்களாம். கூகிள் கம்பனியின் அறிக்கைகளை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வது தகும். அது பிற கம்பனிகள் பலவற்றினும் விரிவாகக் கணக்குக் காட்டுவது. விரிந்த கணக்கிலேயே இவ்வகை எழுத்தின் குணமும் குற்றமும் நன்கு புலப்படும்.

தன் தரவு நிலையங்கள் நுகரும் மின்சக்தியின் மொத்த அளவை அக்கம்பனி நெடுங்காலம் வணிக இரகசியமாகப் போற்றியது. 2011ஆம் ஆண்டிலேதான், முந்திய ஆண்டில் ஏறத்தாழ 226 கோடி அலகு மின்சாரம் நுகர்ந்ததாக முதன்முதல் வெளியிட்டது. 2023ஆம் ஆண்டில் அந்நுகர்வு 2,500 கோடி அலகுகளைக் கடந்தது. பதின்மூன்று ஆண்டுகளில் பதினொரு மடங்கு பெருக்கம். இவ்விரு தொகைகளையும் ஒப்புநோக்க இயல்வது அவை வெளியிடப்பட்டமையாலேயே என்பதை மறுத்தல் நேர்மையன்று.

இனிக் குற்றங்களை நோக்குவோம். முதலாவது குன்றக் கூறல். ஒருவருக்கு ஒரு திங்கள் முழுதும் சேவை வழங்க, ஒரு விளக்கை மூன்று மணி நேரம் எரிப்பதினும் குறைந்த மின்சாரமே தேவை என்று கூகிள் 2011இல் கூறியது. 2025 ஆகத்தில் அதே பாணியில் மற்றொரு கணக்கு வந்தது. ஜெமினி என்னும் செயற்கை நுண்ணறிவுப் பொறியிடம் எழுத்தில் கேட்கப்படும் நடுத்தர வினா ஒன்றுக்கு 0.24 வாற்று மணி மின்சக்தியே செலவாகும். அது ஒன்பது விநாடிக்கும் குறைவாகத் தொலைக்காட்சி பார்ப்பதற்கு ஒப்பாகும் என்பது அது. இத்தொகை மெய்யாகவே இருக்கலாம். ஆனால், நாளொன்றுக்கு எத்தனை வினாக்கள் என்பது அக்கணக்கில் இல்லை. பொறியைப் பயிற்றுதற்கு ஆன செலவும் அதில் அடங்கவில்லை. சிறுதுளி பெருவெள்ளம் என்பதை அறிந்த மக்களிடம் துளியின் அளவை மட்டும் கூறி, எத்தனை துளி என்பதைக் கூறாது விடுதல் குன்றக் கூறலேயாம்.

இரண்டாவது மயங்க வைத்தல். தான் நுகரும் மின்சாரம் முழுவதற்கும் ஈடாகப் புதுப்பிக்கத்தக்க மின்சக்தியை வாங்கிவிட்டதாகக் கூகிள் 2017ஆம் ஆண்டுக்குக் கணக்குக் காட்டியது. இஃது ஆண்டுத் தொகைக்கு ஆண்டுத் தொகை நேர்செய்த கணக்கு. ஓரிடத்து நண்பகல் வெயிலிற் பிறந்த மின்சாரம், வேறோரிடத்தில் நள்ளிரவில் நிலக்கரியால் ஓடிய நிலையத்திற்கு ஈடாக எழுதப்படலாம். ஏடு நேர்பட்டாலும் புகைபோக்கி புகைந்தவாறே இருக்கும். மணிக்கு மணி, மின்வலையத்திற்கு மின்வலையம் ஒப்பிட்டபோது, 2023இல் காபனற்ற மின்சக்தியின் பங்கு நூற்றுக்கு 64 வீதமே ஆயிற்று. நூறும் மெய், அறுபத்து நான்கும் மெய். எக்கேள்விக்கு எவ்விடை என்பதை அறியாதவர் மயங்குவர்.

அளவுகோலை இடையில் மாற்றுதலும் இக்குற்றத்தின்பாற் படும். 2023ஆம் ஆண்டுக்கு 143 இலட்சம் தொன் என்றிருந்த வெளியேற்றம், அடுத்த ஆண்டுக்கு 115 இலட்சம் தொன் என்று முன்வைக்கப்பட்டது. மேலோட்டமாகப் பார்ப்பவர் குறைந்தது என்றே கருதுவர். உண்மையில், சில வகை வெளியேற்றங்களை நீக்கிப் புதிய எல்லை வகுக்கப்பட்டது. அப்புதிய எல்லையின்படி முந்திய ஆண்டினும் நூற்றுக்கு 11 வீதம் கூடியிருந்தது. இம்மாற்றத்தை அறிக்கையே விளக்குகின்றதாயினும், விளக்கத்தைத் தேடிப் படிப்பவர் சிலரே.

மூன்றாவது மற்றொன்று விரித்தல். செயற்கை நுண்ணறிவு 2030க்குள் உலக வெளியேற்றத்தில் நூற்றுக்கு 5 முதல் 10 வீதம் வரை குறைக்க உதவக்கூடும் என்னும் மதிப்பீடு இவ்வறிக்கைகளில் இடம்பெறுகின்றது. இது பிறர் எதிர்காலத்திற் செய்யக்கூடிய சேமிப்பு. தன் செலவைக் கூறவேண்டிய ஏட்டில் பிறர்க்கு வரக்கூடிய வரவை விரித்தல் கணக்காகாது.

இங்ஙனம் குற்றங் காண்பதால் கம்பனிகள் மீண்டும் மௌனமாகிவிடும் என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. 2019ஆம் ஆண்டிலிருந்து தன் வெளியேற்றம் நூற்றுக்கு 48 வீதம் பெருகியதென்று 2024ஆம் ஆண்டு அறிக்கையில் எழுதியதும், மணிவழிக் கணக்கைத் தானே மேற்கொண்டதும் கூகிள் கம்பனியே. ஆயினும், உண்மை கூறுதல் கூறுவோரின் விருப்பத்தையே சார்ந்திருக்குமாயின், விருப்பம் மாறும்போது உண்மையும் மறையும். நிதிக் கணக்கின் விதிகளைக் கம்பனி வகுப்பதில்லை. நாட்டின் சட்டமும் கணக்காய்வாளர் நியமங்களும் வகுக்கின்றன. மின்சக்திக் கணக்கும் அந்நிலை எய்துதல் வேண்டும். அதற்கான தொடக்கங்கள் உள. 500 கிலோவாற்றும் அதற்கு மேலும் வலுவுடைய தரவு நிலையங்கள் தம் நுகர்வை ஆண்டுதோறும் அறிவித்தல் வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதித்தது. பெருங் கம்பனிகள் தம் வெளியேற்றத்தை அறிவித்தல் வேண்டும் எனக் கலிபோர்னியா மாநிலமும் அதே ஆண்டிற் சட்டமியற்றியது.

சட்டம் முழுமை பெறும்வரை காவல் வாசகரிடமே உளது. அலகுக் கணக்கைக் காணுமிடத்து மொத்தத் தொகை யாது எனவும், ஆண்டுக் கணக்கைக் காணுமிடத்து மணிவழிக் கணக்கு யாது எனவும், குறைவு என்று கூறுமிடத்து எல்லை மாறியதா எனவும் வினவுதல் வேண்டும். இவற்றுக்கு விடை தரும் அறிக்கையே கணக்கு. விடை தராதது, எத்துணை அழகாக அச்சிடப்பட்டதாயினும், விளம்பரமேயாம்.