முன்னேற்ற அறிக்கை: ஓர் உரைநடை வடிவம் பற்றிய குறிப்பு

நாவலையும் சிறுகதையையும் சமுதாயப் பின்னணியில் வைத்து ஆராயப் பழகிவிட்ட நமது விமர்சகர்கள், தாமே ஆண்டுதோறும் எழுத நேரும் ஓர் உரைநடை வடிவத்தைப் பற்றி அதிகம் சிந்தித்ததாகத் தெரியவில்லை. நிதியுதவி பெறும் ஆய்வுச் செயற்றிட்டங்களுக்கான முன்னேற்ற அறிக்கையையே இங்குக் குறிப்பிடுகின்றேன்.

அவ்வறிக்கையின் மொழிநடை கூர்ந்து நோக்கத்தக்கது. நேர்காணல்கள் மேற்கொள்ளப்பட்டன, தரவுகள் திரட்டப்பட்டன, அட்டவணைகள் தயாரிக்கப்பட்டு வருகின்றன எனச் செயப்பாட்டு வினைகளே பக்கந்தோறும் நிரம்பியிருக்கும். மேற்கொண்டவர் யார், திரட்டியவர் யார் என்பது வாக்கியத்தில் இராது. நாட்கூலிக்கு ஊரூராக அலைந்த உதவியாளரின் உழைப்பு இவ்வாறு ஆளிழந்து, ஈற்றில் செயற்றிட்டத் தலைவரின் சாதனையாக உருமாறுகின்றது. இஃது ஆங்கிலப் படிவம் இட்ட வார்ப்பு என்பாரும் உளர். அது பாதி உண்மையே. உழைத்தவரை மறைக்கவேண்டிய தேவை படிவத்துக்கு முந்தியது.

எனினும், அறிக்கை என்னும் வடிவமே மறைப்பதற்கென்று தோன்றியது எனக் கருதுதல் தவறாகும். 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இங்கிலாந்தில் நியமனம் பெற்ற தொழிற்சாலைப் பரிசோதகர்களும் அரசின் சம்பளம் பெற்றவர்களே. காலந்தவறாது அறிக்கை சமர்ப்பிக்கக் கடமைப்பட்டவர்களே. ஆயினும் லெனார்ட் ஹோர்னர் முதலானோர், சட்டம் நடைமுறையில் தோற்ற இடங்களை மூடிமறைக்கவில்லை. தொழிலாளரின் உணவு வேளையிலிருந்து முதலாளிகள் நிமிடம் நிமிடமாகத் திருடியதையும், ஆலையுடைமையாளரே நீதவான்களாக அமர்ந்து தம் வர்க்கத்தாரை விடுவித்ததையும் எழுதினர். 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாந் தொகுதியில் வேலைநாள் பற்றிய அதிகாரம் பெருமளவு இவ்வறிக்கைகளை ஆதாரமாகக் கொண்டது. மார்க்ஸ் ஹோர்னரை வாயாரப் போற்றியும் உள்ளார். தோல்வியைப் பதிவு செய்தமையாலேயே அவை அறிவுக்கு மூலங்களாயின.

நமது அறிக்கைகளிலோ 'விலகலும் காரணமும்' என்னும் ஒடுங்கிய கட்டம் ஒன்றே அதற்குரியது. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியை அக்கட்டத்துள் இட்டுப் பார்க்கலாம். 1913இல் சாந்த்லரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தொடங்கிய பணியின் முதற்பகுதி அச்சில் வந்தது 1924இல். இன்றைய படிவமாயின் 11 ஆண்டுகள் தொடர்ந்து 'வெளியீடு: இல்லை' என்றே நிரப்பவேண்டியிருந்திருக்கும். 1 இலட்சம் ரூபா என மதிப்பிட்ட செலவு 4 இலட்சத்தைத் தாண்டியது. 1926இல் பொறுப்பேற்ற வையாபுரிப்பிள்ளை 1936இல் ஆறு தொகுதிகளையும் நிறைவு செய்தபோது, 1 இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் அதில் இடம்பெற்றிருந்தன. (உழைக்கும் மக்களின் தொழிற்சொற்கள் போதியளவு சேரவில்லை என்பது என் துணிபு, அது தனியே ஆராயவேண்டிய விடயம்.) சொல்லைத் திரட்டி, பொருளை வரையறுத்து, இலக்கியச் சான்று தேடிச் சென்ற ஆண்டுகளைத் தாமதம் எனக் கணக்கிடுவோர், ஆராய்ச்சி எவ்விடத்து நிகழ்கின்றது என்பதை அறியாதவர் எனலாம்.

இன்று அடுத்த தவணைப் பணம் எண்ணிக்கையைப் பார்த்தே வருகின்றது. எத்தனை நேர்காணல், எத்தனை கருத்தரங்கு என்ற கணக்கில் ஆய்வாளர் துண்டுக்கூலித் தொழிலாளியாகின்றார். துண்டுக்கூலியில் தொழிலாளி தன்னைத் தானே விரட்டிக்கொள்வான் என மார்க்ஸ் காட்டியது இங்கும் பொருந்தும்.

இதனைப் பிறர்மேல் மட்டும் ஏற்றிக் கூறுதல் நேர்மையாகாது. மலையகத் தோட்டப் பாடல்களைத் திரட்டும் செயற்றிட்டமொன்றில் நானும் பணியாற்றினேன். ஓரிடத்தில், கங்காணி அருகிலிருந்தவரை பெண்கள் தாலாட்டும் கும்மியுமே பாடினர். அவர் அகன்று, ஒலிப்பதிவுக் கருவியையும் நாங்கள் நிறுத்திய பின்னரே, துரையையும் கங்காணியையும் எள்ளும் பாடல்கள் வந்தன. அவற்றைப் பதிவு செய்யவேண்டாமெனக் கேட்டுக்கொண்டனர், நாங்களும் செய்யவில்லை. பாடல் எண்ணிக்கை இலக்கிற் குறைந்தது. எது யார் முன்னிலையிற் பாடப்படும், எது பாடப்படாது என்பதே அவ்வாய்வில் நாங்கள் கண்ட மிக முக்கியமான உண்மையாகும். ஒடுங்கிய அக்கட்டத்தில் நான் எழுதியதோ, மழை காரணமாகக் களப்பணி பாதிக்கப்பட்டது என்பதே. அம்மாதத்தில் மழை பெய்தது மெய்தான். தவணைப் பணம் குறித்த நாளில் வந்து சேர்ந்தது.