சுடர் கட்டுக்கதையா?

"சார், சூரியச் சுடரின் ஒளி எட்டு நிமிடத்தில் நம்மை எட்டிவிடுகிறது. அது உண்டாக்கும் காந்தப் புயல் மட்டும் ஏன் இரண்டு நாள் கழித்து வருகிறது?" வகுப்பில் மாணவர் ஒருவர் கேட்டார். "சுடரிலிருந்து வீசப்படும் துகள்கள் ஒளியைவிட மெதுவாக வருகின்றன" என்று சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து நூல்களைப் புரட்டியபோதுதான் என் விடை அரைகுறையானது என்று தெரிந்தது. மறுநாள் வகுப்பில் அதைத் திருத்திச் சொன்னேன். திருத்தத்துக்குத் துணை நின்ற ஓர் ஆய்வுக் கட்டுரையை இங்கே எடை போட்டுப் பார்ப்போம்.

அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜே. டி. காஸ்லிங் 1993-இல் எழுதிய கட்டுரை அது. 'சூரியச் சுடர் என்னும் கட்டுக்கதை' என்பது அதன் தலைப்பு. ஆய்விதழ்களில் இவ்வளவு காரமான தலைப்பைக் காண்பது அரிது.

அவர் சாடிய கருத்து எப்படிப் பிறந்தது? 1859 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தில் ரிச்சர்டு காரிங்டன் சூரியக் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். திடீரென இரண்டு வெண்ணிற ஒளித்திட்டுகள் தோன்றிச் சில நிமிடங்களில் மறைந்தன. ஏறத்தாழ பதினேழரை மணி நேரம் கழித்து உலகெங்கும் காந்த ஊசிகள் தடுமாறின. பம்பாயின் கொலாபா ஆய்வகமும் அந்தப் புயலைப் பதிவு செய்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று உறுதியாகச் சொல்லக் காரிங்டன் தயங்கினார். பின்வந்தவர்கள் தயங்கவில்லை. சுடரே காரணம், புயலே விளைவு என்று நூறாண்டுக்கு மேல் எழுதினார்கள்.

1971-இல்தான் மற்றொரு காட்சி தெரிந்தது. கரோனாகிராப் என்னும் கருவி, ஒரு தட்டால் சூரிய வட்டத்தை மறைத்துச் செயற்கைக் கிரகணத்தை உண்டாக்குகிறது. ஓ.எஸ்.ஓ-7 செயற்கைக்கோளில் இருந்த அக்கருவி, சூரியனின் புறவளிமண்டலமான கரோனாவிலிருந்து ஒரு பெரும் பிளாஸ்மா மேகம் பிய்த்துக்கொண்டு வெளியேறுவதைப் படம் பிடித்தது. இதுவே கரோனாப் பொருள் உமிழ்வு. பெரிய உமிழ்வு ஒன்றில் 100 கோடி டன் அல்லது அதற்கும் மேற்பட்ட பொருள், காந்தப் புலத்தையும் சுமந்துகொண்டு கிளம்புகிறது. வேகம் நொடிக்குச் சில நூறு கிலோமீட்டரிலிருந்து 3,000 கிலோமீட்டர் வரை இருக்கும். சுடர் என்பது ஒளியும் எக்ஸ் கதிரும் பீறிட்டு வருவது. உமிழ்வு என்பது பொருளும் காந்தப் புலமும் வீசி எறியப்படுவது. இவ்விரண்டையும் மாணவர்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது.

காஸ்லிங்கின் வாதம் இதுதான்: பெரும் காந்தப் புயல்களுக்குக் காரணம் உமிழ்வே, அதில் சுடருக்கு மைய இடம் எதுவும் இல்லை. பெரிய சுடர் இல்லாமலே உமிழ்வும் புயலும் நிகழ்கின்றன. உமிழ்வு இல்லாமல் சுடர்கள் தோன்றி மறைகின்றன. அப்படியிருக்க ஒன்றை மற்றொன்றின் தாய் என்பது எப்படிப் பொருந்தும்?

இந்த வாதத்தின் வலிமையைப் பிற்கால நிகழ்ச்சி ஒன்று நன்கு காட்டியது. 2014 அக்டோபரில் தோன்றிய கரும்புள்ளிக் கூட்டம் 1990-க்குப் பின் காணப்பட்டவற்றுள் மிகப் பெரியது. மிக வலிய 'எக்ஸ்' வகைச் சுடர்கள் ஆறு அதிலிருந்து வெடித்தன. அவற்றில் ஒன்றோடுகூடப் பொருள் உமிழ்வு வரவில்லை. சுடரின் பிரகாசத்தை மட்டும் பார்த்துப் புயல் எச்சரிக்கை விடுத்திருந்தால் ஆறு முறை ஏமாந்திருப்போம்!

ஆனால் கட்டுரையில் குறைகளும் உண்டு. முதலாவது, சான்றில் இருந்த இடைவெளி. கரோனாகிராப்பின் தட்டு சூரியனோடு சேர்த்து அதன் அருகிலுள்ள பகுதியையும் மறைத்துவிடும். உமிழ்வு பிறக்கும் இடமே அதுதான். தட்டுக்கு வெளியே தெரிந்த நகர்வைப் பின்னோக்கிக் கணக்கிட்டே புறப்பட்ட நேரத்தை ஊகிக்க வேண்டியிருந்தது. 1995-இல் ஏவப்பட்ட சோஹோ விண்கலம் சூரியனுக்கு மிக அருகிலுள்ள பகுதியையும் பார்த்தது. அந்தப் பதிவுகளைக் கொண்டு ஜீ ஜாங் குழுவினர் 2001-இல் வெளியிட்ட முடிவு முக்கியமானது: அவர்கள் ஆராய்ந்த நிகழ்ச்சிகளில், உமிழ்வு மிகுந்த முடுக்கம் பெறும் நேரமும் சுடரின் எக்ஸ் கதிர் ஏறும் நேரமும் ஒத்துப்போயின. முறுக்கேறிய காந்தப் புலம் அறுந்து மறுபடி இணையும்போது, ஒரே ஆற்றல் இரு வடிவங்களில் வெளிப்படுகிறது. தாயும் மகளும் என்ற உறவு தவறுதான். ஆனால் இவை தொடர்பற்ற அயலார் அல்ல, உடன்பிறந்தவை.

இரண்டாவது, தலைப்பு. ஹட்சன், ஹெய்ஷ், ஸ்ட்ராங் ஆகியோர் 1995-இலேயே இக்கட்டுரைக்கு மறுப்பு எழுதினார்கள். சுடர் கட்டுக்கதை அல்ல. அதன் எக்ஸ் கதிர்கள் நமது அயனி மண்டலத்தைக் கலக்கிச் சிற்றலை வானொலியைச் சில நிமிடங்களில் ஊமையாக்கவல்லவை. அதற்கு உமிழ்வு தேவையில்லை. காரணம் எது என்ற கணக்கில் இருந்த பிழையைத் திருத்த வந்தவர், சுடரின் பங்கையே குறைத்துக் காட்டிவிட்டார் என்பேன்.

இதெல்லாம் அறிஞர்களின் சொற்போர்தானே, நமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாநிலத்தில் காந்தப் புயலால் மின்சாரம் நின்றது. அறுபது லட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் தவித்தார்கள். மின்வாரியப் பொறியாளருக்கு வேண்டியது, சுடர் எவ்வளவு பிரகாசம் என்ற செய்தி மட்டும் அன்று. உமிழ்வு உண்டா, நம்மை நோக்கி வருகிறதா, அது சுமந்து வரும் காந்தப் புலம் தெற்கு நோக்கியதா என்பதே வேண்டும். தெற்கு நோக்கியிருந்தால்தான் அது பூமியின் காந்தப் புலத்தோடு எளிதில் இணைந்து புயலைக் கிளப்பும். "மாபெரும் சுடர், நாளை ஆபத்து" என்று செய்தித்தாள்கள் ஒவ்வொரு முறையும் அலறினால், உண்மையான எச்சரிக்கை வரும் நாளில் யார் நம்புவார்கள்?

நமது ஆதித்யா-எல்1 விண்கலம் 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்டு, 2024 ஜனவரி 6 அன்று தன் இடத்தை அடைந்தது. சுடரின் எக்ஸ் கதிரை அளக்கும் கருவிகள், கரோனாவைப் பார்க்கும் கருவி, வந்து சேரும் துகள்களையும் காந்தப் புலத்தையும் அளக்கும் கருவிகள் எல்லாம் அதில் ஒன்றாக உள்ளன. காஸ்லிங் பிரித்துக் காட்டியதையும், அவருடைய எதிர்ப்பாளர்கள் சேர்த்துக் காட்டியதையும் ஒருங்கே மதித்த அமைப்பு இது.

ஒரு பிழையை உடைக்க உரத்த குரல் தேவைப்படலாம். உடைந்த பின் நிதானம் வேண்டும். அதனால் இப்போது வகுப்பில் இப்படிச் சொல்கிறேன்: சுடரின் ஒளி, வெடிப்பு நடந்துவிட்டது என்ற செய்தியைக் கொண்டுவருகிறது. புயல், அந்த வெடிப்பில் பொருள் உமிழப்பட்டிருந்தால் மட்டுமே, அதுவும் நம் பக்கம் வந்தால் மட்டுமே வருகிறது.