அப்படியே அவன் குரல்

ஜாசின் பக்கம் எங்கள் தோட்டத்து உறுமி மேளக் குழுவில் ஓர் அண்ணன் பாடிக்கொண்டிருந்தார். சிங்கப்பூர் வேலைக்குத் தினம் மோட்டாரில் போய்வந்தவர். ஒருநாள் விடியற்காலை விபத்தில் போய்விட்டார். அடுத்த திருவிழாவில் என் நண்பன் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அவனுக்குக் கனத்த, கீழ்ச்சுதிக் குரல். "அண்ணன் மாதிரி மேல ஏத்திப் பாடுடா" என்றார்கள். பாடினான். முடிந்ததும் பெரியவர் ஒருவர் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார். "கண்ண மூடிக் கேட்டேன் தம்பி, அப்படியே அவன் குரல்." பாராட்டு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மூன்று திருவிழாவோடு அவன் பாடுவதையே விட்டுவிட்டான்.

ஏசி/டிசியின் 'யூ ஷுக் மீ ஆல் நைட் லாங்' பாட்டை எப்போது கேட்டாலும் எனக்கு அவன் ஞாபகம் வரும். யூனியில் ரூம்மேட் ஓயாமல் போட்ட பாட்டு அது. பழைய பாடகர் இறந்து ஆறே மாதத்தில், புதுப் பாடகரின் குரலில் வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

1980 பிப்ரவரி 19 அன்று பான் ஸ்காட் லண்டனில் இறந்தார். இரவெல்லாம் குடித்ததுதான் காரணம். முந்தைய வருஷம் வந்த 'ஹைவே டு ஹெல்' ஆல்பம்தான் குழுவை முதல்முறையாக அமெரிக்க டாப் 20க்குள் கொண்டுபோயிருந்தது. கதவு திறந்த நேரத்தில் ஆள் இல்லை. அந்த இடத்துக்கு வந்தவர் பிரையன் ஜான்சன். ஜோர்டி என்ற குழுவில் பாடி ஓய்ந்து, இங்கிலாந்தின் வடகிழக்கில் கார் கூரைக்கு வினைல் போடும் தொழில் செய்துகொண்டிருந்தவர். குரல் சோதனையில் அவர் பாடியவற்றில் ஒன்று டீனா டர்னரின் 'நட்புஷ் சிட்டி லிமிட்ஸ்'. பான் ஸ்காட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதைக் கேட்டும் அவரை எடுத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பாட்டுக்கு வருவோம். அங்கஸ் யங்கின் கிட்டார் தனியாக, யோசித்து யோசித்து நுழைகிறது. டிரம்ஸ் சேர்ந்ததும் நடை நேராகிவிடுகிறது. பிறகு ஜான்சன். பான் ஸ்காட் பாடினால் கதை சொல்வது மாதிரி இருக்கும், வாயோரம் ஒரு குறும்பு ஒட்டியிருக்கும். ஜான்சனிடம் அந்தக் குறும்பு கிடையாது. தொண்டையின் உச்சியில் தகரத்தைத் தேய்ப்பது போலக் கத்துகிறார். பான் கண்ணடித்திருக்கக்கூடிய இடங்களில் இவர் கையை உயர்த்துகிறார். அதனால் பாட்டு ஒரு ஆளின் கதையாக நிற்காமல் கூட்டத்தின் கோஷமாகிவிடுகிறது. பல்லவி வரும்போது கேட்கிறவனும் சேர்ந்து கத்தாமல் இருக்க முடியாது. அமெரிக்காவில் 35ஆம் இடம் வரை போய், அங்கே அவர்களுடைய முதல் டாப் 40 பாட்டானது.

அப்படியானால் துக்கத்தை எங்கே வைத்தார்கள்? 'பேக் இன் பிளாக்' ஆல்பத்தின் அட்டை முழுக்கக் கறுப்பு. முதல் பாட்டு மணியோசையில் தொடங்குகிறது. அழுகையை மணிக்கும் அட்டைக்கும் கொடுத்துவிட்டார்கள். புதியவரின் தொண்டையில் அதை ஏற்றவில்லை.

குறையே இல்லையா என்றால், உண்டு. பாட்டில் வரும் பெண் கிட்டத்தட்ட ஒரு இயந்திரம்தான். இன்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆல்பத்தில் இதற்கு அடுத்து வருவது 'ஹேவ் எ டிரிங்க் ஆன் மீ'. குடித்து இறந்தவருக்குப் பிறகு குடிக்கக் கூப்பிடும் பாட்டு! அதை எத்தனை முறை கேட்டும் என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை. இந்த வரிகளே பான் ஸ்காட் விட்டுப்போனவைதான் என்று இன்றும் வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாடல் உரிமையில் இருப்பது யங் சகோதரர்கள், ஜான்சன் பெயர்கள் மட்டும். ஆனாலும் அந்தப் பேச்சு ஓயாததன் காரணம் புரிகிறது. நல்ல பாட்டு என்றால் அது செத்தவருடையதாகவே இருக்கட்டும் என்று மனசு கேட்கிறது.

நம்மூரில் அலிகேட்ஸ் இருக்கிறது. பினாங்குச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் பாடி வளர்த்த குழு. 2007இல் லோகா மறைந்த பிறகும் டேவிட் மேடையேறினார். ஆனால் அது நமக்குப் பழகிய குரல், நாம் எதையும் புதிதாக ஏற்க வேண்டியிருக்கவில்லை. அந்நியக் குரல் வரும்போதுதான் நம் குணம் தெரிகிறது. மலாக்காவில் எந்தத் தமிழ்க் கலைநிகழ்ச்சிக்குப் போனாலும் "அப்படியே எஸ்.பி.பி.", "அப்படியே டி.எம்.எஸ்." என்பதுதான் உச்சப் பாராட்டு. நான் வேலை செய்யும் ஃபேக்டரியில் தேய்ந்த பாகத்துக்கு அதே அளவில் இன்னொன்று மாட்டுவோம், மெஷின் ஓடும். மேடையில் நிற்கும் பையனையும் அந்தக் கணக்கிலேயே பார்க்கிறோம்.

அந்தத் திருவிழாவில் நாங்களும் வேறு மாதிரி செய்திருக்கலாம். உறுமியில் அண்ணன் படத்தை ஒட்டியிருக்கலாம். ஒரு நிமிஷம் மேளத்தை நிறுத்தியிருக்கலாம். பெரியவர் அப்போதும் அழுதிருப்பார். பாட்டை மட்டும் சுதி இறக்கி, என் நண்பனின் குரலுக்கு விட்டிருக்கலாம்.