மலடிக்கு ஒரு சொல், மலடனுக்கு ஒரு சங்கம்

டோல்கேட்டில் பஸ்சுக்கு நிற்கிறவர்கள் படிக்கவென்றே சுவர்களில் ஓர் இலக்கியம் உண்டு. ஆண்மைக் குறைவு, நரம்புத் தளர்ச்சி, இன்ன லாட்ஜில் இன்ன கிழமை வைத்தியர். ஆணுக்கு எப்போதும் ‘குறைவு’தான், ‘மலடு’ பெண்ணுக்கு.

சட்டமும் இதே பாஷையைத்தான் பேசுகிறது. இத்தகைய விளம்பரங்களைத் தடுக்க வந்த 1954ஆம் வருடச் சட்டத்தின் அட்டவணையில் ‘பெண்களின் மலட்டுத்தன்மை’ என்று தனி வரி இருக்கிறது. ஆணுக்கென்று இருப்பது உடலுறவு இயலாமை. இரண்டும் ஒன்றல்ல. படுக்கையில் குறையில்லாதவனின் விந்திலும் உயிரணு இல்லாமலிருக்கலாம். இந்த வித்தியாசத்தை மறைத்துத்தான் ‘ஆம்பளை’ என்கிற கட்டுமானம் நிற்கிறது.

விஞ்ஞானம் அதை அசைத்திருக்கிறது. விந்தணு உற்பத்திக்கான பகுதி ஒய் குரோமோசோமில் இருப்பது 1976இல் தெரிந்தது. டெக்ஸ்101, ஈசிஎம்1 என்ற இரு புரதங்களை விந்துத் திரவத்தில் அளந்து, குழாய் அடைப்பா, உற்பத்திக் கோளாறா என்று விதையைக் கீறாமலே சொல்லலாம் என்றது 2013இல் வந்த டொராண்டோ ஆய்வு. நல்லதுதான். மாமியார் முன்னால் மருமகளுக்காக ஒரு காகிதம் பேசும்.

ஆனால் அந்தக் காகிதம் உடம்பைச் சுட்டும். உடம்பு வேலைசெய்கிற இடத்தைச் சுட்டாது. 1977இல் கலிபோர்னியாவின் லாத்ரப்பில், டிபிசிபி என்ற புழுக்கொல்லி மருந்து தயாரித்த தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோதுதான் பலருக்கும் குழந்தை பிறக்காதது உறைத்தது. பரிசோதித்தால் பலருக்கு விந்தணுவே இல்லை. அந்த மருந்து எலிகளின் விதையைச் சுருங்கவைப்பதைக் கம்பெனிப் பணத்தில் நடந்த ஆய்வே 1961இல் காட்டியிருந்தது. லாத்ரப் விஷயம் வெளியான பிறகும் மத்திய அமெரிக்க வாழைத்தோட்டங்களில் அதைத் தெளித்தார்கள். ஆக, அங்கே முதல் ‘உயிர்க்குறி’யைக் கண்டது சோதனைச்சாலை அல்ல, சக தொழிலாளியிடம் வெட்கத்தை விட்டுப் பேசிய வாய்.

ஈயம் விந்தணுவைக் கெடுக்கும் என்பது தொழில்மருத்துவத்தில் பழைய செய்தி. பாட்டரி, பெயிண்ட் வேலைக்குப் போகிறவர்கள் நம் தெருவிலும் உண்டு. டீக்கடையில் இதைச் சொன்னால், “ஆம்பளைக்கு இன்னாத்துக்குப்பா டெஸ்ட்டு, மொதல்ல அத்த இட்டுனு போய்க் காட்டு” என்கிறார்கள். சங்கத்திலோ போனஸ் பேசுகிறோம், இ.எஸ்.ஐ. பேசுகிறோம், இதைப் பேசுவதில்லை. நம் மௌனத்தில் லாட்ஜ் வைத்தியரும் பிழைக்கிறார், முதலாளியும் பிழைக்கிறார். ஏச்சு மட்டும் வீட்டில் இருப்பவளுக்கு. அடுத்த கோரிக்கைப் பட்டியலில் ரத்தத்தில் ஈயத்தின் அளவு, விந்துப் பரிசோதனை என்று இரண்டு வரி சேர்க்க நம்மில் எவனுக்குத் துணிச்சல் இருக்கிறது?