மாசி போடாத சட்டி

இலங்கையின் கிழக்குக் கரையில் சம்மாந்துறைச் சமையலின் திறத்தை அறிய வருகிறவர்கள் கல்யாண வீட்டு நெய்ச்சோற்றையும் கிடாரத்து இறைச்சிக்கறியையும்தான் தேடுவார்கள். நான் கேட்பது ஒரு பருப்புக்கறி. வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் உண்ணும் தமிழ்க் குடும்பம் ஒன்று முஸ்லிம் வீட்டுக்கு விருந்து வரும் நாளில், அந்த வீட்டு உம்மா ஆக்குகிற பருப்புக்கறி. அதில் மாசி இராது. இல்லை என்பது நாக்குக்கும் தெரியாது. என் கணக்கில் இந்தக் கரையின் ஆகப் பெரிய சமையல் வித்தை அதுதான்.

மாசியை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். சூரை மீனை அவித்து, புகையூட்டி, விறகுக்கட்டை போல் இறுகும்வரை காயவைத்தால் மாசி. மாலைதீவின் பழைய ஏற்றுமதிச் சரக்கு அது. 14ஆம் நூற்றாண்டில் அங்கே தங்கியிருந்த இப்னு பதூதாவும் தன் பயண நூலில் அதைக் குறித்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் தேங்காய்ச் சம்பல், பருப்பு, கீரை, கத்தரிக்காய் என்று எதற்கும் இடித்த மாசி கொஞ்சம் விழும். மரக்கறி என்ற பெயரில் சாப்பாட்டுக்கு வருவதில் பாதி, விரதகாரருக்கு ஆகாதது. மாசியை எடுத்துவிட்டால் உப்பும் உறைப்பும் புளிப்பும் அப்படியே நிற்கும். அவற்றைத் தாங்கும் அடிச்சுவை மட்டும் போய்விடும்.

அந்த அடிச்சுவையை ஆராய்ந்து பெயர் வைத்தவர்கள் ஜப்பானியர். 1908இல் கிகுனே இகேடா கொம்பு என்ற கடற்பாசியில் குளுட்டமேட்டைக் கண்டறிந்தார். 1913இல் அவருடைய மாணவர் ஷிந்தாரோ கொடாமா, கட்சுவோபுஷி என்ற காய்ந்த சூரையில் இனோசினேட்டைக் கண்டறிந்தார். கட்சுவோபுஷி நம் மாசியின் நெருங்கிய உறவு. ஜப்பானில் புலால் உண்ணாத ஜென் மடங்களின் சமையற்காரர்களும் இதே சிக்கலைச் சந்தித்தவர்கள்தாம். மீனை விலக்கி, கொம்பையும் உலர்ந்த காளானையும் கொண்டு சாறு எடுத்தார்கள். சம்மாந்துறை உம்மாவிடம் கொம்பு இல்லை. அவரிடம் இருப்பது வெங்காயமும் தேங்காயும் பொறுமையும்.

அவர் செய்வதைப் பாருங்கள். மைசூர்ப் பருப்பைக் கடைப்பாலில் மஞ்சள், பச்சை மிளகாய், உள்ளி, ரம்பை போட்டு அவிய விடுகிறார். மற்றச் சட்டியில் சின்ன வெங்காயம் வழக்கத்தைவிட இரட்டிப்பாக விழுகிறது. நெருப்பைத் தணித்து, வெங்காயம் பொன்னிறம் கடந்து கருஞ்சிவப்பாகும்வரை வதக்குகிறார். அவசரப்பட்டால் கருகும், பாதியில் இறக்கினால் இனிப்பு மட்டும் மிஞ்சும். பிறகு தக்காளி. அதில் குளுட்டமேட் இயல்பாகவே உண்டு. கடைசியாக, வெறும் சட்டியில் வறுத்து அரைத்த தேங்காய்ப்பூ ஒரு கரண்டி. முதற்பாலை ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்குகிறார். மாசி தந்திருக்கக்கூடிய புகைவாசத்தை வறுத்த தேங்காய் தருகிறது. ஆழத்தை வெங்காயம் தருகிறது. வெங்காயமும் உள்ளியும்கூடத் தொடாத விரதகாரர் வந்தால், பாரமெல்லாம் வறுத்த தேங்காய், மிளகு, நற்சீரகம், வெந்தயத்தின்மேல் ஏறுகிறது. அதையும் சமாளிக்கிற கைகளை நான் அறிவேன்.

பலாப்பிஞ்சுக் கறியை இறைச்சி என்று நம்பும்படி ஆக்கிக் காட்டுகிறவர்களும் உண்டு. அது கெட்டித்தனம்தான், ஆனால் விருந்தாளி இறைச்சியைத் தேடி வரவில்லை. பொரித்த கத்தரிக்காயைக் கத்தரிக்காயாகவே பாற்கறியில் பெருமைப்படுத்துகிற சமையலே எனக்கு உயர்ந்தது.

சட்டியும் இந்தக் கலையில் சேர்த்தி. மண்சட்டி நுண்துளை உள்ளது. குடித்த குழம்பை எளிதில் மறக்காது. நேற்று மாசி வெந்த சட்டி இன்று எத்தனை தடவை கழுவினாலும் மணக்கும். மாசி இடித்த உரலில் சம்பல் இடித்தால் கதை முடிந்தது. ஆகவே நேர்மையான வீடுகளில் ஒரு சட்டி, ஒரு அகப்பை, ஒரு கத்தி தனியாக இருக்கும். “இந்தச் சட்டியில மாசி படல்ல மகள், பயப்படாமச் சாப்பிடுங்க” என்று ஓர் உம்மா சொல்லும்போது, அதற்குப் பின்னால் பல வருடத்துக் கவனம் இருக்கிறது.

ஊரின் இருப்பிடமே இந்தக் கவனத்தைக் கற்பித்தது. பக்கத்தில் வீரமுனை, கடற்கரைப் பக்கம் போனால் சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த காரைதீவு, உள்ளே அம்பாறை நகரும் சிங்களக் குடியிருப்புகளும். மாட்டிறைச்சி தொடாதவர், வெள்ளியில் மரக்கறி மட்டும் உண்பவர், பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கு நோன்பிருப்பவர், போயா தினத்தில் இறைச்சியை விலக்கும் பௌத்தர் என்று ஒவ்வொருவருடைய நாட்காட்டியும் அடுக்களைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழர் வீடுகளிலும் இதற்கு ஈடான மரியாதை உண்டு. முஸ்லிம் கூட்டாளிகளுக்கு முழு மரக்கறிச் சாப்பாடு போடுவார்கள். இறைச்சி வேண்டுமென்றால் முஸ்லிம் ஒருவரைக் கொண்டே அறுத்துச் சமைப்பிப்பார்கள். உள்நாட்டுப் போரின் வன்முறையால், 1990 இந்தக் கரையின் இரு சமூகங்களுக்கும் ஆழமான காயம் தந்த ஆண்டு. ஒருவர் அடுக்களையை மற்றவர் நம்பிச் சாப்பிடுவது அதன் பிறகு சிறிய காரியமே இல்லை.

இனிப்பிலும் இதே வித்தை தொடர்கிறது. வட்டிலப்பத்தின் உயிர் முட்டை. முட்டை உண்ணாதவருக்கு அதே தேங்காய்ப்பாலையும் சர்க்கரைக்கட்டியையும் ஏலத்தையும் கடற்பாசியில் உறைய வைக்கிறார்கள். கடற்பாசி விலங்குப் பொருள் அல்ல. ஜெலட்டின் எந்த விலங்கிலிருந்து வந்தது என்ற கவலை முஸ்லிமுக்கும் இல்லை, மரக்கறிக்காரருக்கும் இல்லை. ஒருமுறை உறைந்துவிட்டால் எங்கள் வெயிலுக்கும் இளகாது. ஒரு தட்டில் எல்லா மதத்தவரும் கைவைக்கக்கூடிய இனிப்பு இதைவிட எளிதாக எங்கே கிடைக்கும்?

இப்போது விலக்குகள் மார்க்கத்தோடு நிற்பதில்லை. சீனி வருத்தம், பிரஷர், ஒவ்வாமை என்று விருந்தாளிகள் வருகிறார்கள். கோதுமை ஆகாதவருக்கு நெல்லூரான சம்மாந்துறையில் குறையே இல்லை. இடியப்பத்தையும் பிட்டையும் அரிசிமாவிலேயே ஆக்கலாம். சீனி வருத்தக்காரருக்குக் குரக்கன் பிட்டும், அதைவிட அதிகமாகக் கீரையும் காயும், பாணி ஊற்றாத எருமைத் தயிரும் வைக்கலாம். சர்க்கரைக்கட்டி சீனியைவிட நல்லது என்ற நம்பிக்கையை மட்டும் நாம் கைவிட வேண்டும். இரத்தத்தில் இரண்டும் சீனிதான். கஜு ஆகாதவர் விஷயத்தில் ருசிக்கு இரண்டாம் இடமே. புரியாணியின் மேல் தூவியதைப் பொறுக்கி எடுப்பது போதாது. சட்டியும் கரண்டியும் தனியாக வேண்டும். இங்கேதான் பழைய பழக்கம் கைகொடுக்கிறது. மாசி பட்ட அகப்பையை மற்றச் சட்டியில் விடாத கை, கஜு பட்ட கரண்டியையும் விடாது.

ஆனாலும் சுத்தமாகப் பிரித்துச் சமைப்பது பாதி வேலைதான். நாலைந்து பேர் சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி அமரும் ஊரில், ஒருவருக்கு மட்டும் தனிக் கோப்பை வைத்தால் அவர் பசியாறுவார், கூடியிருக்கமாட்டார். கெட்டிக்கார வீடுகள் விலக்கு உள்ளவரின் கறியை எல்லோருக்கும் போதுமான அளவில் ஆக்குகின்றன. மாசி இல்லாத பருப்பை மாசி தின்கிறவர்களும் மறுபடி கேட்டு வாங்குகிறார்கள். அந்த நேரத்தில் அது விலக்குக்காரரின் கறியாக இல்லை, விருந்தின் கறி.

இந்தக் கறிகளின் அளவும் பக்குவமும் பெரும்பாலும் கைப்பழக்கமாகவே கடத்தப்பட்டு வருகின்றன. உம்மாமார் இருக்கும்போதே அவற்றை எழுதி வைக்க வேண்டும். எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று: மாசி இல்லாத பருப்பை மாற்றுச் செய்முறை என்று கடைசிப் பக்கத்துக்குத் தள்ளாதீர்கள். பருப்புக்கறி என்ற தலைப்பின் கீழ் அதையே முதலில் போடுங்கள்.