தோன்றா எழுவாய்: கும்பகோணமும் 'நல்லெண்ண'மும்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் காசிராமன் தெருவில் 94 பள்ளிக் குழந்தைகள் தீயில் செத்தார்கள். அதையொட்டித் தமிழில் வந்த இரங்கற்பாக்களை மொத்தமாக வைத்துப் படித்தால் ஒரு விஷயம் உறுத்தும். பிஞ்சுகள் உதிர்ந்தன, மொட்டுகள் கருகின என்பவைதான் திரும்பத் திரும்ப. 'கருகின' என்பது தன்வினை. மொட்டு தானாகக் கருகும், பருவம் அப்படி. கருக்கியது யார் என்ற கேள்விக்கு அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது.

நடந்ததைப் பார்ப்போம். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள். மதிய உணவுச் சமையற்கூடத்தின் கீற்றில் பிடித்த தீ மாடி வகுப்பறைகளின் கீற்றுக்குத் தாவியது. கீற்று என்பது ஒளித்து வைக்கக்கூடிய பொருளல்ல. பள்ளி போன்ற பொதுக் கட்டடங்களுக்கு உரிமம் வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1965இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆக, கூரையும் இருந்தது, சட்டமும் இருந்தது, அலுவலகமும் இருந்தது. இதற்கு 'விபத்து' என்று பெயர் வைப்பது ஒரு அரசியல் செயல்பாடு.

அலுவலகத்தின் மொழியும் இரங்கற்பாவின் மொழியும் சந்திக்கிற இடம் இதுதான். பள்ளிக்கூட இலக்கணத்தில் 'தோன்றா எழுவாய்' படித்திருக்கிறோம். 'வந்தான்' என்றால் எழுவாய் தோன்றாவிட்டாலும் விகுதி ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். 'சான்று வழங்கப்பட்டது', 'ஆவன செய்யப்படும்' என்கிற கோப்பு மொழி அப்படியல்ல; ஆளையே விழுங்கிவிடுகிறது. யாரய்யா வழங்கினது என்று கேட்டால் கோப்பு பதில் சொல்லாது.

நீதிமன்றமும் இந்த இலக்கணத்துக்குள்தான் மாட்டிக்கொள்கிறது. 2014 ஜூலை 30இல் தஞ்சாவூர் அமர்வு நீதிமன்றம் 10 பேரைத் தண்டித்தது, 11 பேரை விடுவித்தது. விடுவிக்கப்பட்டவர்களில் அன்றைய நகராட்சி ஆணையரும் நகரமைப்பு அலுவலரும் உண்டு. தண்டனைகளையும் 2017இல் உயர் நீதிமன்றம் தளர்த்தியது. தனியாள் மீது குற்றம் நிரூபிக்கச் சாட்சி வேண்டும், சரிதான். அப்ப நகராட்சி என்கிற அமைப்பை யாரு கேக்குறது?

தில்லியில் கேட்டுப் பார்த்தார்கள். 1997 ஜூன் 13இல் உப்ஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தனர். இழப்பீட்டில் 15 சதவீதத்தை மாநகராட்சி ஏற்க வேண்டும் என்றது தில்லி உயர் நீதிமன்றம். 2011இல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியை விடுவித்துவிட்டது. தீய நோக்கமோ, தெரிந்தே செய்த அதிகார துஷ்பிரயோகமோ இல்லாதவரை, கடமையில் தவறியதற்காக மட்டும் இத்தகைய அமைப்புகள் மீது இழப்பீட்டைச் சுமத்த முடியாது என்பது அதன் சாரம். கெட்ட எண்ணம் இல்லையா, போய் வா.

இங்கே 'நல்லெண்ணம்' என்ற சொல்லைக் கட்டுடைத்தாக வேண்டும். 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின்படி, உரிய கவனமில்லாமல் செய்த எதுவும் நல்லெண்ணத்தில் செய்ததாகாது. 2024இல் அதன் இடத்துக்கு வந்த சட்டமும் இதையே வைத்துக்கொண்டது. ஆனால் மத்தியச் சட்டங்களில் வரும் சொற்களுக்குப் பொருள் சொல்லும் 1897ஆம் ஆண்டுச் சட்டமோ, நேர்மையாகச் செய்திருந்தால் போதும், அலட்சியமாகச் செய்திருந்தாலும் அது நல்லெண்ணமே என்கிறது. ஒரே சொல், இரண்டு பிரதிகள். சாதாரண மனிதன் தண்டனைச் சட்டத்தில் நல்லெண்ணத்தைத் துணைக்கு அழைத்தால் கவனத்தை நிரூபிக்க வேண்டும். அலட்சியத்தையும் நேர்மைக்குள் அடக்கிக்கொள்ளும் வசதி இன்னொரு பிரதியில் காத்திருக்கிறது. அலட்சியத்துக்கு அரசு கட்டமைத்த சொல்லாடல் இது.

ஒரு எதிர்வாதம் உண்டு. கீழ்நிலை எழுத்தர் ஒருவரைப் பலியாடாக்கிவிட்டு அரசு தப்பித்துக்கொள்ளும், இதுக்கா இவ்வளவு கூச்சல் என்பார்கள் நண்பர்கள். நியாயமான பயம். அதனால்தான் கேள்வி யாரைச் சிறையில் தள்ளுவது என்பதோடு நின்றுவிடக் கூடாது. பார்க்கக் கடமைப்பட்டும் பார்க்காத அமைப்பு தன் கருவூலத்திலிருந்து ஈடு கட்ட வேண்டும். பார்க்காமல் இருப்பதற்கு ஒரு விலை வேண்டும். விலை இல்லாதவரை உரிமம் வெறும் காகிதம், ஆய்வு வெறும் ஜீப் பயணம்.

எழுதுகிறவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. 2005இல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பள்ளியின், திருமண மண்டபத்தின் உரிம நகலைக் கேட்கலாம். எந்தத் தேதியில், எந்தப் பதவியில் இருந்தவர், எதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார்? பதில் வந்ததும் அதைச் செய்வினையில், எழுவாயோடு எழுதுவோம். பூக்களை விட்டுவிடலாம். செத்தவை மொட்டுகள் அல்ல, குழந்தைகள்.