மரநாய்க்கு ஓர் இடம்

“நீங்க என்ன விலங்கு?”

பிட்ஸ்பர்க் மாநாட்டு மையத்து வாசலில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இதுதான். எந்த ஊர், என்ன வேலை, கல்யாணம் ஆகிவிட்டதா, எதுவும் இல்லை. என்ன விலங்கு?

“மரநாய்” என்றேன். என்னைப் பற்றி இன்னொரு மனிதரிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுவே முதல் தடவை. கேட்டவர் நரைத்த தாடிக்காரர். சாதாரணக் கால்சட்டைக்குப் பின்னால் ஓர் ஓநாய் வால் தொங்கியது. “அடடா, நான் பார்த்ததே இல்லையே! எப்படி இருக்கும்?” என்று கண்கள் விரியக் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பாட்டி வீட்டு ஓட்டுக்கூரையில் இரவானால் தடதடவென்று ஓடுமே, அந்த மரநாய்தான். எல்லோரும் விரட்டுவார்கள், நான் மட்டும் அது வருவதற்காகத் தூங்காமல் கிடப்பேன். பள்ளி நோட்டின் கடைசிப் பக்கங்களில் சட்டை போட்ட மரநாய், சைக்கிள் ஓட்டும் மரநாய் என்று வரைந்து மறைத்து வைத்திருந்தேன். மனிதரைப் போல நடந்து பேசும் விலங்குகளை இப்படி நேசிப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஃபர்ரி என்று பெயர், தனக்கென்று ஒருவர் வரித்துக்கொள்ளும் விலங்குருவம் ஃபர்சோனா என்பதெல்லாம் பெரியவனான பிறகே தெரிந்தது. தெரிந்த பிறகும் அவர்கள் கூடும் விழாவுக்குப் போகப் பயம். 2024 ஜூலையில்தான் துணிந்து கிளீவ்லாந்திலிருந்து பஸ் ஏறினேன்.

ஆன்த்ரோகான்! 1997இல் ஆல்பனியில் தொடங்கி, 2006 முதல் பிட்ஸ்பர்க்கில், அலெகேனி ஆற்றங்கரையில் நடக்கிற விழா. அந்த வருடம் 17,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஃபர்சூட் என்கிற முழு உடை இல்லாவிட்டால் மதிக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். நல்ல உடைக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும், எனக்கு எங்கே கட்டுப்படியாகும்? உள்ளே போனால் பெரும்பாலோர் ஃபர்சூட் இல்லாதவர்கள். ஒரு வால், இரண்டு காது, கழுத்தில் ஒரு பேட்ஜ், அவ்வளவுதான். அதுவும் இல்லாதவர்களும் உண்டு.

பேட்ஜ் வரைந்து தரும் ஓவியர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் அணுகிய பெண் சிரிக்கவில்லை, “அதற்குப் பதிலாக ரக்கூன் வரையட்டுமா?” என்றும் கேட்கவில்லை. “மூக்கு பூனை மாதிரியா, கீரி மாதிரியா? வாலில் வளையம் உண்டா?” என்று விசாரித்தார். பெயரில்தான் நாய், அது புனுகுப்பூனை இனம் என்றேன். கண்ணைச் சுற்றி முகமூடிபோலக் கறுப்பு, முதுகில் புள்ளி வரிசை, வளையமில்லாத நீண்ட வால். ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு வரைந்தார். என் நோட்டுப் புத்தகத்து மரநாயை ஒருவர் இத்தனை அக்கறையாக விசாரிப்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கழுத்தில் மாட்டிக்கொண்டதும் மண்டபமே எனக்கு உறவாகிவிட்டது. எதிரே வருகிறவர்களெல்லாம் பேட்ஜைப் பார்த்து “ஹாய், மரநாய்!” என்கிறார்கள். அவர்கள் வாயில் அந்த ‘ர’வும் ‘நா’வும் படும் பாடு அவ்வளவு அழகு.

தாடிக்காரர் மறுபடி எதிர்ப்பட்டு, “முதல் தடவையா? ஆறு, இரண்டு, ஒன்றை மறக்காதே” என்றார். நாளுக்கு ஆறு மணி நேரத் தூக்கம், இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு குளியல். இந்தக் கூட்டங்களில் மூத்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் கணக்கு இது. சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இருக்கிற இடம் எப்படி அந்நியமாகும்?

கல்யாண வீட்டில் விருந்தாளி எப்போது வீட்டு ஆளாகிறார்? யாராவது அவர் கையில் சாம்பார் வாளியைக் கொடுக்கும்போது. எனக்கு அந்த வாளி சனிக்கிழமை ஊர்வலத்தில் வந்தது. ஃபர்சூட்டுக்குள் கோடை வெயில் அடுப்பாகிவிடும். கண்ணில் பதித்த சிறு வலை வழியாகக் கொஞ்சம்தான் தெரியும். கால் எங்கே படுகிறதென்றே தெரியாது. அதனால் கைபிடித்துக் கூட்டிப்போக ஒரு ஹேண்ட்லர் வேண்டும். செந்நரி வேடமிட்ட ஒருவருக்கு வரவேண்டிய துணை வரவில்லை. பக்கத்திலிருந்தவர் என்னைப் பார்த்து, “மரநாய், நீ வருகிறாயா?” என்றார். முன்பின் தெரியாத என்னை நம்பி!

ஆயிரக்கணக்கான சிங்கங்கள், டிராகன்கள், நீர்நாய்கள் தெருவில் நடக்க, பிட்ஸ்பர்க்வாசிகள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு இருபுறமும் நின்று ஆரவாரித்தார்கள். “படி இருக்கு, இடப்பக்கம் ஒரு குழந்தை, கை நீட்டுகிறது” என்று நான் சொல்லச் சொல்ல, வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாத செந்நரி தன் பஞ்சுக் கையால் என் விரல்களை அழுத்தி அழுத்திப் பதில் சொல்லிக்கொண்டே வந்தது.

ஊர்வலம் முடிந்ததும், வேடமிட்டவர்கள் தலையைக் கழற்றி இளைப்பாறும் அறைக்குக் கூட்டிப்போனேன். பெரிய மின்விசிறிகள், குடங்குடமாய்த் தண்ணீர், புகைப்படம் எடுக்கத் தடை. செந்நரி தலையைக் கழற்றியது. உள்ளே என் அம்மா வயதில் ஒரு பெண், வியர்வையில் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருக்க, சிரித்த முகம். இரண்டு குவளைகளில் தண்ணீர் பிடித்து முதல் குவளையை என்னிடம் நீட்டினார்.

“நீ முதலில் குடி, மரநாய்.”